ஹரீஷ் பேரைச் சொல்லி ஒழித்த போர்ஷன்

1999 மே 19

கிணற்றில் தண்ணீர் அடிக்குப் போய்விட்டது. எதிர்வீட்டு நாகராஜன் ஆடிக் கிருத்திகைக்கு மலைக்கு வரும் காவடிக்காரர்களுக்கு அறை வாடகைக்கு விட்டே மாடி கட்டிவிட்டான். நம் பின்போர்ஷனில் வருஷம் பூரா அதே வாடகை, தறிச் சத்தம் வேறு. யோசிக்கணும்.

மே 23

சொல்லிவிட்டேன். ஒன்பது வருஷமாகக் குடியிருக்கும் யோகலட்சுமியிடம் 'காலி பண்ணு' என்று எப்படிச் சொல்வது? பிள்ளை வருகிறான் என்றுதானே ஊரில் எல்லோரும் சொல்கிறார்கள். மெட்ராஸிலிருந்து ஹரீஷ் வருகிறான் என்றேன். அதோடு நிறுத்தித் தொலைத்திருக்கலாம். "சாய்லக்ஷ்மிக்கு ஏழாம் மாசம். திருஷ்டிக்குப் பயந்து வெளியில சொல்லலை. அவளுக்குத்தான் அம்மா இல்லையே, பிரசவம் இங்கேதான்."

கல்யாணமாகி ஐந்து வருஷம், மருமகளுக்கு இன்னும் ஒன்றும் இல்லை. வாய் எப்படி வந்தது எனக்கு?

யோகலட்சுமி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "முருகன் கண்ண தொறந்துட்டாரு மாமி." சாய்லக்ஷ்மிக்காக அவளும் மாசாமாசம் கிருத்திகை விரதம் இருந்தவள்.

மே 24

மடப்பள்ளியிலிருந்து இவர் வந்ததும் சொன்னேன். "பொய் சொல்ல வேற விஷயமே கிடைக்கலையாடி உனக்கு?"

ஜூன் 9

"தறியில ஏத்துன பாவு நூலு பாதிதான் ஓடியிருக்குது மாமி. முடிச்சிக்கினு போவட்டுமா?" என்று கேட்டாள். வைகாசி போனால் ஆனி, ஆடி இரண்டிலும் யாரும் குடி மாற மாட்டார்கள். கிருத்திகை கைவிட்டுப் போகும். நாள் நெருங்கறதே என்றேன். அவள் புருஷன் ராஜகோபாலுக்கு முகம் கறுத்துவிட்டது. அவள்தான் அடக்கினாள். "வுடுய்யா. பச்ச கொழந்த வர்ற வூட்ல தறி சத்தம் ஆவுமா?"

ஜூன் 13

பாவு நூலை நடுவில் அறுத்துச் சுருட்டிக்கொண்டு ஆர்.கே.பேட்டைக்குப் போய்விட்டார்கள். வீட்டைக் கழுவிவிட்டு, வாசலில் கோலமும் போட்டிருக்கிறாள்.

ஆகஸ்ட் 6

நேற்று கிருத்திகை. பின்போர்ஷன் நிறையச் சித்தூர்க் காவடிக்காரர்கள். மலையிறங்கி நேரே வந்தாளாம் யோகலட்சுமி, குழந்தையைப் பார்க்க.

"மெட்ராஸ்லயே பொறந்துடுத்து. அங்கேயே இருக்கா."

"என்னா கொழந்த மாமி?"

"பையன்."

உள்ளே எட்டிப் பார்த்தாள். தறி இருந்த இடத்தில் யாரோ சோறு வடித்துக்கொண்டிருந்தார்கள். ஏதாவது கேட்டிருந்தால்கூடத் தேவலை. பையிலிருந்து ஒரு துணியை எடுத்துக் கொடுத்தாள். அந்தப் பாவில் மிச்சமிருந்ததை நெய்ததாம், தூளி கட்ட.

வாங்கிக்கொண்டேன். வாங்காமல் என்ன செய்ய?

2000 பிப்ரவரி 6

ஹரீஷ் வந்திருந்தான். பீரோவைத் திறந்தவன் அந்தத் தூளித் துணியைப் பார்த்து, "இது யாருக்கும்மா?" என்றான். பழைய துணிடா என்றேன்.

ஆகஸ்ட் 30

பின்போர்ஷன் பூட்டு துருப்பிடித்துக் கிடக்கிறது. கிருத்திகைக்கும் வருஷக் கடைசியில் மலைப்படித் திருவிழாவுக்கும்தான் ஆள். வந்தவர்கள் கக்கூஸை அடைத்துவிட்டுப் போனதுதான் மிச்சம். கொல்லைப்பக்கம் போனால் காது சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. அந்தத் தறிச் சத்தத்தைத்தான் இரைச்சல் என்று நினைத்தேன்.

2001 ஜூன் 3

வீடு கேட்டு ஒரு பெண் வந்தாள், மணியம்மை என்று பேர். ஆர்.கே.பேட்டைக்காரி.

"யோகலட்சுமி அக்கா அனுப்பிச்சாங்க. மாமி தங்கமானவங்க, புள்ள வர்றாருன்னுதான் எங்கள காலி பண்ண சொன்னாங்கன்னாங்க."

சாவியைத் தேடினேன். பீரோவில் அந்தத் தூளித் துணிக்கு அடியில் இருந்தது. எடுத்து வந்து கொடுத்தேன்.

"பேரப்புள்ள எப்பிடி இருக்குதுன்னு கேட்டுக்கினு வரச் சொன்னாங்க மாமி."

"நன்னா இருக்கான்," என்றேன். "ஓடறான், பிடிக்க முடியலை."