ஓடைக்கு மேல் நகர்ந்த கோடு

பிப்ரவரி 4, திங்கள்

வெயில். மூன்று வாரமாக மழை இல்லை. கல்லுமலைத் தோட்டத்துக்கு மேலே எல்லை அளவு இன்று முடிந்தது. ஓடையின் இரு கரை, அது பிறக்கும் ஊற்று, மேலே முகடு வரை, எல்லாம் காட்டிலாகாவின் ஒதுக்குக் காட்டுக்குள். எல்லை மரங்களில் சுண்ணாம்புக் குறி. காவலர் லத்தீப் பின்னாலேயே வந்து கல் நட்டார்.

கண்ட மரங்கள்: மெரந்தி நிறைய. கெம்பாஸ். செங்கால் மூன்று. அதில் பெரியதை நானும் லத்தீப்பும் கை கோத்தும் கட்டிப்பிடிக்க முடியவில்லை.

ஓடைக்குள் நடுப்பகலிலும் இருட்டு. தண்ணீர் பல் கூசும் குளிர்.

இறங்கும்போது முனியாண்டி வீட்டில் கோப்பி. நான் இந்த நாட்டுக்கு வந்த புதிதில் மூன்று வருடம் எனக்கு அளவுச் சங்கிலி இழுத்தவன். கல்யாணம் ஆனதும் தோட்டத்துக்கு வந்துவிட்டான். இப்போது மரம் வெட்டும் ஆட்களுக்குக் கங்காணி. மனைவி செல்லம்மா. மகள் அஞ்சலை, ஆறு வயது. என் பையிலிருந்த பட்டைத் துண்டுகளை மோந்து பார்த்தே மரத்தின் பெயர் சொன்னாள். இரண்டு தப்பு. என் ஆபீஸ் எழுத்தருக்குப் போன மாதம் நான்கு தப்பு.

பூட்ஸ் தைக்கக் கொடுக்க வேண்டும்.

பிப்ரவரி 9, சனி

வெயில். குலிம் தலைமை ஆபீசுக்குக் கூப்பிட்டு அனுப்பினார் என் மேலதிகாரி. தோட்டத் துரை எழுதியிருக்கிறாராம்: ஓடை முழுவதும் ரப்பருக்கு வேண்டும், கோட்டை முகட்டுக்கு நகர்த்துங்கள்.

சொன்னேன். ஓடையின் மேல் இருக்கும் காட்டை வெட்டினால் தண்ணீரில் வெயில் விழும். வெயில் பட்டு ஓடும் தெளிந்த தண்ணீரில்தான் மலைநாட்டுக் காய்ச்சல் கொசு முட்டையிடும். நிழலில் இடாது. இரண்டு வருடம் முன் வேறொரு தோட்டத்தில் இந்தக் கண்ணால் இதையே பார்த்தேன். கூலிகள் குடியிருந்த லயத்தில் பாதி வீடு காலி.

"கொசு டாக்டரின் வேலை, அருளப்பன்" என்றார். கோபமாக இல்லை. பிறகு பாலிங் வரைபடத்தை விரித்தார். நான் ஐந்து வருடமாக எழுதிக் கேட்கும் மலை. "ஓடையை விட்டுக்கொடு. இந்த மலை முழுவதையும் ஒதுக்குக் காடாக்கி வாங்கித் தருகிறேன். இரண்டும் கிடைக்காது."

திரும்பும் வழியில் பாடாங் செராயில் ராவுத்தர் கடையில் தேநீர். பக்கத்து மேசையில் ஒருவர் என் காட்டிலாகாச் சட்டையைப் பார்த்துவிட்டுச் சொன்னது: "காட்டுக்கு எதுக்குங்க காவலு? எந்திரிச்சு ஓடியா போயிரும்?" ராவுத்தர் அவரைச் சும்மா இருக்கச் சொன்னார்.

பிப்ரவரி 12, செவ்வாய்

கையெழுத்துப் போட்டேன். புதுக் கோடு ஊற்றுக்கும் மேலே, முகட்டில். எழுத்து நேராகத்தான் விழுந்தது. அதையும் எழுதி வைக்கிறேன்.

பாதிச் சோற்றோடு தட்டைத் தள்ளினேன். மனைவி ரோசம்மா காரணம் கேட்டாள். சொன்னேன்.

"பாலிங் காடு இதவிடப் பெருசுதானே?"

"பல மடங்கு பெருசு."

"அப்புறம் என்னங்க?"

கை கழுவ எழுந்தேன். அவளும் விட்டுவிட்டாள்.

மார்ச் 6, வியாழன்

ஓடைச் சரிவு வெட்டு. முனியாண்டியின் ஆட்கள். கீழே உள்ள மரங்களைப் பாதி பாதி வெட்டி நிறுத்திவிட்டு, மேலே ஒரு பெரிய மரத்தை மட்டும் முழுதாகச் சாய்க்கிறார்கள். அது அடுத்ததைத் தள்ள, அது அதற்கடுத்ததை. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

முனியாண்டி கிட்டே வந்தான். "நீங்க போங்கய்யா. இத எதுக்குப் பாத்துக்கிட்டு."

நின்றேன். காய்ச்சல் பற்றி அப்போது அவனிடம் சொல்லியிருக்கலாம். வெறும் மரம் பற்றித்தான் பேசினேன்.

மார்ச் 22, சனி

எரித்தார்கள். இரண்டு நாளாகப் புகை. லத்தீப் சாம்பலில் நடந்து தான் நட்ட பழைய எல்லைக் கற்களைத் தேடி எடுத்து வந்தார். எதற்கு என்றேன். அரசாங்கச் சாமான், துவான், என்றார் மரியாதையாக.

மே 5, திங்கள்

காலையில் தூறல், பிறகு வெயில். ஓடைக்குப் போனேன். கரையில் புல் முளைத்துவிட்டது. தண்ணீர் கண்ணாடி மாதிரி. வெதுவெதுப்பு. குனிந்து பார்த்தேன். சின்னப் புழுக்கள், நீர்மட்டத்தை ஒட்டிப் படுத்தபடி.

போத்தலில் எடுத்துப் போய்த் தோட்டத்து ஆஸ்பத்திரி டிரசரிடம் காட்டினேன். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "அதேதான் சார். புழு சாக எண்ணெய் தெளிக்கணும். கேட்டு எழுதியிருக்கேன், இன்னும் வரல."

நானும் எழுதினேன். துரைக்கு ஒன்று, அதிகாரிக்கு ஒன்று.

முனியாண்டி ஆள் கூட்டிக்கொண்டு மேல் சரிவில் ரப்பர்க் கன்றுக்குக் குழி வெட்டிக்கொண்டிருந்தான். கை ஆட்டினான். நானும் ஆட்டினேன்.

ஜூன் 3, செவ்வாய்

மழை. ஓடைக்குப் பக்கத்து லயத்தில் ஏழு வீட்டில் குளிர்காய்ச்சல். காலைப் பிரட்டில் பேர் கூப்பிட்டால் ஆள் குறைவு. கணக்கு எழுதும் கிராணி கத்துகிறார். "எல்லாம் நடிப்பு" என்று அவர் சொன்னது ஆபீசுக்கு வெளியே எனக்குக் கேட்டது.

எண்ணெய் இன்னும் வரவில்லை.

ஜூன் 17, செவ்வாய்

அஞ்சலைக்கும். ஐந்து நாளாக ஒருநாள் விட்டு ஒருநாள் நடுக்கம். போர்வை, கோணி, செல்லம்மாவின் சேலை எல்லாம் போர்த்தியும் பல் கிட்டுகிறது. கொய்னா மருந்தைக் கசப்பென்று துப்புகிறாள். என் வீட்டுச் சீனியெல்லாம் கொண்டுபோய்க் கொடுத்தேன். டிரசர் சீனியில் கரைத்து ஊட்டினார். கொஞ்சம் இறங்கியது.

முனியாண்டி வாசலில் குந்தியிருந்தான். அவனுக்கும் கண் மஞ்சள்.

காட்டிலாகா நாற்றுப் பண்ணைக்கு மூங்கில் தட்டி சொல்ல வேண்டும். மறந்துகொண்டே இருக்கிறேன்.

ஜூன் 20, வெள்ளி

காலை பத்து மணிக்கு முடிந்துவிட்டது.

"நேத்து எந்திரிச்சு உக்காந்து கஞ்சி கேட்டாய்யா. குடிச்சாய்யா" என்றாள் செல்லம்மா. வந்தவர்கள் ஒவ்வொருவரிடமும் அதையே சொன்னாள்.

ரப்பர்க் கன்றுக் காட்டின் ஓரத்தில் குழி. முனியாண்டியால் நிற்க முடியவில்லை. நானும் லத்தீப்பும் மண் தள்ளினோம். இந்த வாரத்தில் அந்த லயத்தில் இது நான்காவது பிள்ளை.

ரோசம்மா ஜெபம் செய்தாள். நான் மண்வெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

ஜூலை 2, புதன்

மேகமூட்டம். ஒன்பது நாள் எழுதி ஐந்து முறை கிழித்த அறிக்கையை இன்று அதிகாரிக்கு அனுப்பினேன். பழைய கோடு எங்கே இருந்தது, யார் கேட்டு நகர்ந்தது, என்ன ஆகும் என்று முன்பே எனக்குத் தெரியும் என்பது, தெரிந்தும் கையெழுத்துப் போட்டது நான் என்பது, எல்லாம் அதில். ஓடையின் இரு கரையிலும் மறுபடி மரம் வைக்க அனுமதி கேட்டிருக்கிறேன்.

வேலை போகலாம். ரோசம்மாவிடம் சொன்னேன். "போனாப் போகட்டும்" என்றாள். விளக்கை அணைத்துவிட்டு, "எங்க போவோம்?" என்றாள்.

ஜூலை 20, ஞாயிறு

கோயிலிலிருந்து நேரே முனியாண்டி வீடு. அறிக்கையில் எழுதியதை அவர்களிடம் சொல்லாமல் இருப்பது சரியில்லை என்று பட்டது. நின்றுகொண்டே சொன்னேன்.

செல்லம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "முன்னாலயே உங்களுக்குத் தெரியுமாய்யா?"

"தெரியும்."

அவள் உள்ளே போய்விட்டாள்.

முனியாண்டி தலை நிமிரவில்லை. தரையைப் பார்த்தே பேசினான். "வெட்டுனது நானு. சொல்லியிருந்தா வெட்டியிருக்க மாட்டேன்னு பொய் சொல்லல. வெட்டித்தான் இருப்பேன், வேற வேல ஏது. ஆனா புள்ளய பாடாங் செராய்ல மச்சான் வீட்ல விட்டுருப்பேன்யா. அவ்ளோதான்."

இது எனக்குத் தோன்றவே இல்லை. காட்டைக் காப்பாற்ற முடியுமா முடியாதா என்று மட்டுமே ஆறு மாதமாக யோசித்தேன். ஒரு வார்த்தை சொன்னால் ஒரு பிள்ளை ஊர் மாறியிருக்கும்.

பூட்ஸைக் கழற்ற மறந்து கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். ரோசம்மா கழற்றினாள்.

ஆகஸ்டு 14, வியாழன்

கெஜட் வந்தது. பாலிங் மலை முழுவதும் ஒதுக்குக் காடு. ஓர் ஏக்கர்கூடக் குறையவில்லை. பொறுப்பு எனக்கு. சம்பள உயர்வோடு மாற்றம். அதிகாரி தன் கையால் வாழ்த்து எழுதியிருக்கிறார். இந்த மாநிலத்தில் இப்படி ஒரு காடு வேறு இல்லை என்று.

என் அறிக்கைக்குத் தனியாக ஒரு வரி: பார்வையிடப்பட்டது. ஓடைக்கரையில் மரம் வைக்கத் துரைக்கு ஆட்சேபம் இல்லை, ஆள் கூலி தோட்டம் தராது.

எழுத்தர் இனிப்பு வாங்கி வந்து ஆபீசில் எல்லோருக்கும் கொடுத்தார். ஒன்றை எடுத்து மேசையில் வைத்தேன். எறும்பு மொய்த்தது.

செப்டம்பர் 6, சனி

விடியலிலிருந்து கருமேகம். நாளை மறுநாள் பாலிங் வண்டி. நாற்றுகளை இன்றே நட்டாக வேண்டும். பண்ணையிலிருந்து இரண்டு மாட்டு வண்டி. ஆற்றோரம் தாங்கும் மரங்கள் மட்டும். நிழல் விழ ஏழெட்டு வருடமாவது ஆகும்.

கூலி கிடையாது என்று லயத்தில் சொல்லிவிட்டேன். நானும் லத்தீப்பும் ரோசம்மாவும் போதும் என்றுதான் போனோம். பிரட்டு முடிந்ததும் ஒவ்வொருவராக இறங்கி வந்தார்கள். டிரசர். பிள்ளையை மண்ணுக்குக் கொடுத்த மற்ற மூன்று வீட்டுக்காரர்கள். முனியாண்டி, மண்வெட்டியோடு. கடைசியில் செல்லம்மா.

முனியாண்டி குழி வெட்ட, நான் நாற்று வைக்க, அவள் மண் தள்ளிக்கொண்டு வந்தாள். ஊற்றுக்குக் கீழே நான் வைத்த நாற்று ஒன்று கோணி நின்றது. நான் குனிவதற்குள் அவளே அதை நிமிர்த்தி, சுற்றிலும் மண்ணைக் காலால் மிதித்து இறுக்கினாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. அடுத்த குழிக்குப் போனாள்.

மூன்று மணிக்கு மழை. பதினெட்டு நாற்று மிச்சம். லத்தீப் திங்கட்கிழமை வைப்பதாகச் சொன்னார்.