பென்சிலால் போட்ட எண்கள்

என்ரை அன்பான அக்காவுக்கு,

எனக்கு மூன்று இடங்கள் கிடைத்திருக்கின்றன. சென்னையில் புலமைப்பரிசிலோடு ஒன்று, கொழும்பில் ஒரு தனியார் பல்கலைக்கழகம், அரசாங்கம் தந்த கிளிநொச்சிப் பொறியியல் பீடம். மூன்றும் நல்லவை. நீ இருந்திருந்தால் மூன்றிலும் முதலில் கட்டடங்களின் படங்களைத்தான் பார்த்திருப்பாய்.

உன்னுடைய முறை வந்தபோது எனக்குப் பதின்மூன்று வயது. விண்ணப்பத்தில் விரும்பும் பாடநெறிகளை ஒன்று, இரண்டு என்று ஒழுங்குபடுத்த வேண்டும். அம்மா பென்சிலால் எண்களைப் போட்டார். நீ அதன்மேல் பேனையால் எழுதினாய். கட்டடக்கலைக்குத் தெற்கே போகவேண்டும், அது ஏழாவதாகப் போனது. யாழ்ப்பாணத்தில் கணிதம் ஒன்றாவது. கடிதம் வந்ததும், முதல் விருப்பமே கிடைத்துவிட்டதென்று சாவகச்சேரிச் சந்தைவரை வாழ்த்தினார்கள். யாருடைய விருப்பம் என்று ஒருவரும் கேட்கவில்லை. மூன்றாம் வருடம் டெங்கு உன்னைக் கொண்டுபோகும்வரை நீயும் சொல்லவில்லை. ஏன் அக்கா?

என்னுடைய விண்ணப்பம் இணையத்தில். கடவுச்சொல்லை வீட்டில் எவரும் கேட்கவில்லை. எங்கடை ஊர், பெடியனின் படிப்புக்கு வரைபடத்தைப் பார்க்கிறது. பெட்டையின் படிப்புக்கு வீட்டு வாசல் படலையிலிருந்து தூரம் அளக்கிறது. இதைச் சொன்னால் வாய்க்காரன் என்கிறார்கள். சொல்லட்டும்.

சென்னை என்றுதான் முடிவெடுத்திருந்தேன். போன ஞாயிறு அம்மா முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தார்.

"நீ யோசிக்காமல் போ ராசா. மதி எனக்குத் துணையா இஞ்சை நிப்பாள்."

எங்கள் சின்னவள் மதிக்கு அடுத்த வருடம் உயர்தரப் பரீட்சை. கண்டிப் பக்கம் போய் மிருக வைத்தியம் படிக்கவேண்டுமென்று தெருநாய்களுக்கெல்லாம் மருந்து கட்டித் திரிகிறாள்.

"அவளிட்டைக் கேட்டனீங்களோ?" என்றேன்.

"அவளிட்டை என்னத்தைக் கேக்கிறது? பெரியவளும் இஞ்சை இருந்துதானே படிச்சவள். ஒரு சொல் சொன்னவளோ?"

"நீங்கள் கேக்கேல்லை, அம்மா."

அவருடைய கை நின்றது. முருங்கைக் காம்பைக் கீழே வைத்துவிட்டு, "அவள் எங்கை போக ஆசைப்பட்டவள்?" என்றார்.

ஏழு வருடம் கழித்துக் கேட்ட கேள்வி. சொன்னேன். கொப்பிகளின் பின்பக்கத்தில் நீ கீறி வைத்த வீடுகளைப் பற்றியும் சொன்னேன். அம்மா மறுபடி இலை உருவத் தொடங்கினார். "எண்டாலும் நான் தனிய எப்பிடியடா இருக்கிறது?" என்றார். அந்தப் பயத்தில் பொய் இல்லை. அப்பா முதலே போய்விட்டார், பிறகு நீ. ஆனால் அந்தப் பயத்தை ஏன் எப்போதும் பெட்டைகளின் தலையிலேயே கட்டவேண்டும்?

அதனால் கிளிநொச்சியை எடுத்துக்கொண்டேன். காலையில் பஸ் ஏறினால் பின்னேரம் வீட்டுக்கு வரலாம். அம்மாவுக்கு நான் துணை, மதி தான் விரும்பிய இடத்துக்குப் போவாள் என்று இருவருக்கும் முன்னால் சொன்னேன். சென்னைக்கு ஆசை இல்லை என்றால் பொய். ஆனால் பாலம் கட்டுகிற கணக்கு இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

மதிக்குப் பெரிய சந்தோசம் ஒன்றும் இல்லை.

"தியாகி வேசம் போடாதை, அண்ணை. எனக்காகத்தான் நிண்டனான் எண்டு என்ரை கலியாண வீட்டிலையும் கதைச்சுக்கொண்டு திரிவாய்."

"திரியமாட்டன்."

"இப்பவே எல்லாருக்கும் தெரியிற மாதிரி எங்கையாவது எழுதுவாய். உன்னை எனக்குத் தெரியாதே?"

அவளுக்கு என்னைத் தெரியும்.

அக்கா, அடுத்த வருடம் அவளின் விண்ணப்பம் வரும்போது மேசையில் பென்சில் இருக்காது. அவள் தனியே இருந்து எண்களைப் போடுவாள். நான் அம்மாவோடு குசினியில் தேத்தண்ணி போட்டுக்கொண்டிருப்பேன். அவளின் கடவுச்சொல்லை நானும் கேட்கமாட்டேன்.

அன்று மேசைக்குப் பக்கத்தில் சும்மா பார்த்துக்கொண்டு நின்ற
உன்ரை தம்பி