பழைய போனில் நீ நன்றாக இருந்தாய்

அன்புள்ள நெட்டைக்கு,

நானும் வீட்டில் எல்லோரும் நலம். போனில் சொன்னால் பேச்சை மாற்றிவிடுவாய் என்பதால் எழுதுகிறேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நாம் இருவரும் ஏறிய டவரில் சென்ற திங்களன்று டூஜியை நிறுத்திவிட்டோம். பேச்சும் எஸ்எம்எஸ்ஸும் மட்டுமே போன காலத்தில் நீ மாட்டிய பெட்டி அது. பிறகு த்ரீஜி வந்தது. முகம் பார்த்துப் பேசலாம் என்று ஊரே வாயைப் பிளந்தது. அதை இரண்டு வருடம் முன்பே கழற்றியாயிற்று. இப்போது ஃபோர்ஜியும் ஃபைவ்ஜியும்தான். உன் பெட்டியை இறக்க அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

நிறுத்துவதற்கு முன் பழைய போன் வைத்திருப்பவர்களின் பட்டியலைக் கொடுத்து, நேரில் போய்ச் சொல்லச் சொன்னார்கள். முப்பத்தேழு பேர். அதில் உன் அம்மாவும் இருந்தார்.

தொடுதிரை அவருக்கு ஆகாது. பார்வை போனபின் பொத்தான்களைத் தடவித்தானே உன்னைக் கூப்பிடுகிறார். "கண்ணு போனது பத்தாதா, காதையும் புடுங்கப் போறியா?" என்று என்னைப் பிடித்துக்கொண்டார். ஃபோர்ஜியில் வேலை செய்யும் பொத்தான் போன் ஒன்றைத் தேடிப் பிடித்து, அதே நம்பரைப் போட்டுக் கொடுத்தேன்.

புதன்கிழமை அம்மா அதில் உன்னை அழைத்தபோது பக்கத்தில்தான் இருந்தேன். இத்தனை நாள் உன் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்குமாம். இப்போது பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பேசுவதுபோல் இருந்ததாம். சிரித்துச் சிரித்துப் பேசினார். வைத்த பிறகு போனை மடியிலிருந்து எடுக்கவில்லை.

"அவன் ஏன்டா ரெண்டு வார்த்தைக்கு ஒருதரம் மூச்சு வாங்குறான்? மாடி ஏறி வந்தேன்னான். அவன் வீடு கீழ்த்தளமாச்சே" என்றார்.

தெரியாது என்றேன். உன் நுரையீரலைப் பற்றி உன் மனைவி மூன்று மாதம் முன்பே என்னிடம் அழுதாள். யாருக்கும் சொல்லக் கூடாது என்று அவளிடம் நீ சத்தியம் வாங்கியிருந்ததால் நானும் வாயைத் திறக்கவில்லை.

அம்மா நம்பவில்லை. மறுபடி ஒன்றும் கேட்கவும் இல்லை. நான் கிளம்பும்போது, "பழைய போன்ல அவன் நல்லா இருந்தான்" என்று மட்டும் சொன்னார்.

ஞாயிறு காலை பத்து மணிக்கு அழைப்பார். நான் போகமாட்டேன். நீங்கள் இருவர் மட்டும் பேசுங்கள். மெதுவாகச் சொல். நடுவில் நிறுத்த வேண்டியிருந்தால் நிறுத்து. அவர் காத்திருப்பார்.

உன்,
குட்டை