யசோதினிக்குக் கொடுத்த ஜூஸ்

மிட்சம், லண்டன்
ஐப்பசி 1992

அன்பு மகள் தவநாயகிக்கு,

அம்மா எழுதுகிறேன். உன் முழங்கால் வலி குறைந்ததா? மருந்து கிடைக்கிறதா?

என்னை நம்பி நீ அனுப்பிய உன் மகள் யசோதினி இப்போது சுகம். அதனால் பயப்படாமல் வாசி. சனிக்கிழமை கணேசலிங்கத்தின் மகளுடைய கல்யாணத்துக்குப் போனோம். உன் கல்யாணத்தில் எங்கள் வீட்டுத் தண்ணீரைக்கூடத் தொடாமல் எழும்பிப் போனவர்கள் அவர்கள். நான் மறக்கவில்லை. அங்கே ஒருவன் ஜூஸ் நீட்ட, இவள் வேண்டாம் என்றாள். "வாங்கிக் குடி பிள்ளை, நாங்கள் அவையளைப் போல இல்லை" என்றேன்.

கொஞ்ச நேரத்தில் நாக்குக் குழறிக் கதிரையிலிருந்து சரிந்துவிட்டாள். ஆஸ்பத்திரியில், எவ்வளவு மதுபானம் குடித்தாள் என்றுதான் முதலில் கேட்டார்களாம். மருமகள் சிவகௌரி சண்டை போட்ட பிறகே, யாராவது எதையாவது கலந்திருக்கலாம் என்றார் டொக்டர். என்னவென்று நிச்சயமாகச் சொல்ல ஏலாதாம். ஜூஸ் நீட்டியவன் யாரென்று கல்யாண வீட்டாருக்கும் தெரியவில்லை. அவன் முகம் எனக்கு மறக்காது. இவள் படிக்கக் கொலிச்சுக்குப் போனால் வரும்வரை ஜன்னலடியில்தான் நிற்கிறேன்.

சுகம் கேட்க வருகிறவர்கள் சோடா கொண்டுவருகிறார்கள். அவர்கள் போனதும் ஊற்றிவிடுகிறேன். ஊரிலிருந்து யாராவது இங்கே வந்தால் எங்கள் மூடிச் செம்பைக் கொடுத்துவிடு, கொஞ்சம் மல்லியும்.

தபாலுக்கு நேரமாகிறது, சிவகௌரி வாசலில் நிற்கிறாள். எச்சில் படாமல் கொடுத்து வளர்த்த பிள்ளைக்கு, இப்போது தண்ணீரைக்கூட நான் ஒரு வாய் குடித்துப் பார்த்துத்தான் கொடுக்கிறேன்.

உன் அம்மா,
கமலாம்பிகை