துறைமுகத்திலிருந்து சீக்கிரம் திரும்பினேன்

அன்புள்ள மகளுக்கு,

நீ பயணச்சீட்டு எடுத்துக் கொடுத்து அனுப்பிய அந்தப் பழைய துறைமுக நகரத்தைப் பார்த்தேன். மார்கழிப் பனி இன்னும் விலகவில்லை. கடற்காற்று எலும்புவரை ஏறியது. கோட்டையும் மூடியிருந்தது, அருங்காட்சியகமும் மூடியிருந்தது.

"சீசனே அடுத்த மாசம்தாம்மா. இந்தக் குளிர்ல உங்களை யாரு அனுப்பினாங்க?" என்றார் கோட்டைக் காவலாளி.

"என் மகள்."

"ரொம்பப் பாசமான பொண்ணுதான் போங்க!"

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"சாயங்காலம் வரைக்கும் இருந்து நிதானமா பாத்துட்டு வாம்மா" என்று நீ திரும்பத் திரும்ப வற்புறுத்தியதன் காரணம், மதியப் பேருந்தில் வீடு திரும்பியதும் விளங்கியது. கூடத்தில் ஒரு வீட்டுத் தரகர் உட்கார்ந்திருந்தார். என் படுக்கையறையில் இளந்தம்பதியர் இருவர், திரைச்சீலை தைப்பதற்காகச் சன்னலை அளந்துகொண்டிருந்தார்கள்.

"நீங்க முதியோர் இல்லத்துக்குப் போயாச்சுன்னு சொன்னாங்களே, ஆன்ட்டி?" என்றாள் அந்தப் பெண்.

நல்ல பெண். அவளைக் கடிந்துகொள்ள மனம் வரவில்லை. வீட்டின் உரிமையாளர் நான்தான் என்று அறிமுகம் செய்துகொண்டு, மூவருக்கும் தேநீர் கொடுத்தேன். தரகர் பாதித் தேநீரை வைத்துவிட்டு எழுந்துபோனார்.

மாலையிலேயே பூட்டை மாற்றிவிட்டேன். உன்னிடமுள்ள சாவியைத் திருப்பியனுப்பும் சிரமம் வேண்டாம். இனி வருவதானால் அழைப்புமணியை அழுத்து.

நான் வீட்டில்தான் இருப்பேன்.

உன் அம்மா