மஞ்சள் பூவின் காய்

மலைக்குப் போட்டுப்போன காலுறையை இன்று காலை துவைக்க எடுத்தேன். உதறியதும் எள்ளளவு விதை ஒன்று தரையில் விழுந்தது. அதன் நுனியில் மெல்லிய நீள வால். நீ பார்க்க ஆசைப்பட்டது அதுதான்.

போன வருடம் ஃபேக்டரியில் லீவு சொல்லிவிட்டு நாம் இருவரும் இமயமலைக்கு ரயிலேறினோம். திருவொற்றியூரில் ஒரே மிஷின் ஷாப்பில் வேலை நமக்கு. ஞாயிற்றுக்கிழமை எனக்குத் தூங்குவதற்கு. உனக்கு எண்ணூர்க் கழிமுகத்தில் குனிந்து செடி பார்ப்பதற்கு. மலையில் மரங்கள் முடிந்து புல்வெளி தொடங்கிய இடத்தில் சரிவு முழுக்க மஞ்சள் பூ. ரயிலில் நீ காட்டிய படங்களை நினைத்துக்கொண்டு, "பட்டர்கப் தானே?" என்று கேட்டேன். நீ அதற்குள் குப்புறப் படுத்துவிட்டாய்.

"அதுன்னா வார்னிஷ் அடிச்ச மாரி மின்னும். இது மின்னலியே. அடியில பாரு மாமு."

ஒடிக்காமல் பூவை விரலால் சாய்த்தாய். கீழே ஐந்து பச்சை இதழ்கள், அவற்றின் இடுக்கில் இன்னும் ஐந்து, சின்னதாக. "ரோசா குடும்பம்டா இது" என்று சிரித்தாய். காம்பு நெடுகச் சிறு இலைகள், நுனியில் மட்டும் வட்டமாகப் பெரிய இலை. ஜியம் என்ற செடியாக இருக்கும், ஆனால் காயைப் பார்த்தால்தான் உறுதி என்றாய். "காயில வாலு இருந்தா ஜியம். காய்க்கும்போது இன்னொரு வாட்டி வரணும்."

மறுநாள் காலை உனக்கு மூச்சு வாங்கியது. உதடு நீலம் பாரித்தது. வழிகாட்டியும் நானும் மாற்றி மாற்றி உன்னைச் சுமந்து இறங்கினோம். ஜீப் நிற்கும் இடம் வருவதற்குள் என் முதுகிலேயே அடங்கிவிட்டாய். உயரத்தில் நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டது என்றார் டாக்டர்.

நெட்டுக்குப்பத்தில் உன் வீட்டுக்கு உன்னைக் கொண்டுவந்தபோது உன் அம்மா என்னிடம் ஒன்றுதான் கேட்டாள். "பூவ பாக்கவா அம்மாந்தூரம் போனான்?"

அந்தக் கேள்விக்காகத்தான் இந்த வருடம், பூவெல்லாம் உதிர்ந்த பிறகு தனியாகப் போனேன். அதே சரிவு பழுத்துக் கிடந்தது. எல்லாக் காயிலும் வால். நீ சொன்னது சரி. அதைச் சொல்ல ஆளில்லாமல் அந்தச் செடிகளுக்குள்ளேயே நடந்து இறங்கினேன்.

விதையைத் தாளில் மடித்துக் காசிமேட்டுக்குப் போனேன். உன் அம்மா மீன் கூடையோடு உட்கார்ந்திருந்தாள்.

"அம்மா, அவன் பாத்த பூவோட பேரு தெரிஞ்சிடுச்சி. ஜியம். ரோசா குடும்பம்."

ஈரக் கையைப் புடவையில் துடைத்துவிட்டு வாங்கிப் பார்த்தாள். "ரோசாவா இது? முள்ளே காணோம்." திருப்பிக் கொடுத்தாள். பிறகு மெதுவாக, "அத்த பாத்துகினு இருந்தப்போ அவனுக்கு ஒடம்பு நல்லாத்தானே இருந்துச்சி?"

பூவைப் பார்த்த அன்று காலையே உனக்குத் தலைவலி இருந்திருக்கிறது. தலை வலிக்கிறதா என்று வழிகாட்டி கேட்டதற்கு இல்லையென்று தலையாட்டினாய். உன் சட்டைப்பையில் காலியான தலைவலி மாத்திரை அட்டை இருந்ததை எல்லாம் முடிந்த பிறகுதான் பார்த்தேன். என்னிடமாவது சொல்லியிருக்கலாம். அப்போதே இறங்கியிருப்போம். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

"நல்லாத்தான் இருந்தான்மா. படுத்துகினு சிரிச்சிகினு இருந்தான்" என்றேன்.

சிரித்தது பொய்யில்லை.

அவள் தலையசைத்துவிட்டு மீன்மேல் ஐஸ் அள்ளிப் போட்டாள். நீ என்னிடம் சொல்லாமல் வைத்திருந்ததை, இனி அவளிடம் சொல்லாமல் நான் வைத்திருக்க வேண்டும்.