ஊட்நாடட்டா பாதையில் அம்மாவோடு

அன்புள்ள அம்மா,

உன் முழங்கால் வலி தேவலையா? ஊட்நாடட்டா என்ற இந்த ஆஸ்திரேலியப் பாலைவனப் பாதையில் மூன்று நாள் காரோட்டி, புது மருத்துவமனைக்கு நல்லபடியாக வந்து சேர்ந்துவிட்டேன். நாளை முதல் வேலை.

வழியில் ஒரு சின்னத் தாமதம். டயர் வெடித்தது. ஸ்டெப்னியை மாட்டினேன், அதிலும் காற்று இறங்கிவிட்டது. தண்ணீர் நிறைய இருந்தது, பயப்படாதே. காரை விட்டு நகராமல் அதன் நிழலிலேயே உட்கார்ந்திருந்தேன். ஏழு மணி நேரம் கழித்து மெர்வ் என்ற லாரிக்காரர் வந்தார்.

"என்ன பொண்ணே, தொண்டை இப்படிக் கட்டியிருக்கு?"

"காலையிலேர்ந்து எங்கம்மாகிட்ட பேசிக்கிட்டிருந்தேன்."

அவர் காலியான காருக்குள் எட்டிப் பார்த்தார். சிரிக்கவில்லை. பிளாஸ்க்கைத் திறந்து மூன்று கோப்பைகளில் தேநீர் ஊற்றினார்.

"உங்கம்மாவுக்குச் சர்க்கரை எத்தன கரண்டி?"

"ரெண்டு" என்று சொல்லும்போதுதான் எனக்கு அழுகை வந்தது. பிறகு அவரே ஸ்டெப்னிக்குப் பஞ்சர் ஒட்டி, ஊர் வரைக்கும் என் பின்னாலேயே வந்தார்.

காரில் கேசட் போடலாம் அம்மா. கேசட்டில் ஒரு பக்கம் முழுக்க எதையாவது பேசிப் பதிந்து அனுப்பு. திட்டினாலும் சரி. நடுநடுவே மட்டும் கொஞ்சம் நிறுத்திப் பேசு, நான் பதில் சொல்ல வேண்டும்.

தபால் வண்டி ஹாரன் அடிக்கிறது.

உன்
கொலீன்